ஆய்வுச் சுவரொட்டியும் வாவிக்கரை மக்களும்

மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களில் சுவரொட்டி என்றதும் பொதுமக்களின் நினைவுக்கு வருபவை தேர்தல் விளம்பரங்களும், தனியார் வகுப்பு அறிவித்தல்களும், மரண அறிவித்தல்களுமேயாகும். ஆனால் நமது பிள்ளைகள் பயிலும் பல்கலைக்கழகங்களில் வேறொரு வகைச் சுவரொட்டியும் வழக்கில் உள்ளது. ஒரு மாணவர் தாம் செய்த சிறிய ஆய்வின் நோக்கம், முறை, முடிவு ஆகியவற்றை ஒரே தாளில் படங்களோடும் வரைபுகளோடும் அமைத்து, அதன் அருகில் நின்று பார்வையாளருக்கு விளக்குவதே அது. இதனை ஆய்வுச் சுவரொட்டி என்கிறோம். பாடநெறிக்கான ஒப்படையாக இதனைச் செய்யும் மாணவர் பலர், கடைசி இரவில் கணினியின் முன் அமர்ந்து நிறங்களைத் தெரிவு செய்வதையே இதன் தயாரிப்பு என எண்ணிக் கொள்கின்றனர். உண்மையில் நல்லதொரு சுவரொட்டி வாவிக்கரையில் கேட்கப்படும் முதற் கேள்வியிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது.

1981ஆம் ஆண்டு மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தாறுமூலையில் தொடங்கி, 1986ஆம் ஆண்டு முழுமையான பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகமும், 1995ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டில் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இப்பிரதேசத்தின் இரு பெரும் கல்விப் பேறுகள். தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமரும் இந்நிறுவனங்களுக்கு மிக அண்மையில் உள்ள இயற்கை ஆய்வுகூடம் வாவியேயாகும். வடக்கே ஏறாவூர், செங்கலடிப் பக்கமிருந்து தெற்கே கல்முனையை அண்டிய பகுதி வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் இந்நீர்நிலையின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் இரு சமூகத்தவரின் உணவும் தொழிலும் இதனோடு பிணைந்தவை. எனவே இதனைப் பற்றி ஒரு மாணவர் எழுதும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவரின் அன்றாட வாழ்வைத் தொடுகிறது என்பதை மறத்தலாகாது.

சுவரொட்டி வந்த வரலாறு

அறிவியல் மாநாடுகளில் சுவரொட்டி நீண்ட காலமாக இருந்து வந்த ஒன்றன்று. 1969ஆம் ஆண்டு ஸ்பெயினின் மட்றிட் நகரில் ஐரோப்பிய உயிர்இரசாயனச் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்திய மாநாட்டில் இது இடம்பெற்றமை தொடக்க நிகழ்வுகளில் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. 1974ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நடைபெற்ற உயிர்இரசாயன, உயிர்ப்பௌதிக மாநாட்டின் பின்னர் இம்முறை அங்கும் பரவலாயிற்று. காரணம் எளிது. ஆய்வாளர்களின் தொகை பெருகப் பெருக, அனைவருக்கும் மேடையில் பேச நேரம் ஒதுக்க இயலாமற் போயிற்று. ஒரே மண்டபத்தில் நூறு பேர் தத்தம் தாள்களின் அருகில் நின்றால், பார்வையாளர் தமக்கு வேண்டியவரிடம் சென்று நேரில் உரையாடலாம். மேடைப் பேச்சில் கேள்வி கேட்கத் தயங்குபவர்கூட இங்கு அருகில் நின்று கேட்பார்.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு விடயத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். சுவரொட்டி ஓர் உரையாடலைத் தொடக்கி வைப்பதற்கான கருவி. ஆய்வறிக்கையின் இருபது பக்கங்களையும் சிறிய எழுத்தில் சுருக்கி ஒட்டினால் அந்தப் பயன் கிடைக்காது. நின்று கொண்டு படிப்பவர் ஒரு சில நிமிடங்களே நிற்பார். அந்த நிமிடங்களுக்குள் எது கேட்கப்பட்டது, எவ்வாறு தேடப்பட்டது, என்ன கிடைத்தது என்பவை அவருக்குப் புரிந்துவிட வேண்டும்.

தலைப்பு வேறு, கேள்வி வேறு

மாணவர்கள் பெரும்பாலும் ‘மட்டக்களப்பு வாவியின் மீன்வளம்’ என்பது போன்ற தலைப்புகளுடன் வருகின்றனர். இது ஒரு புத்தகத்துக்குப் பொருந்தும் பொருள், சுவரொட்டிக்கு ஆகாது. ‘முகத்துவாரம் வெட்டப்படுவதற்கு முந்திய மாதத்திலும் பிந்திய மாதத்திலும் வீச்சுவலையில் பிடிபடும் இறாலின் அளவில் வேறுபாடு உண்டா?’ என்பது கேள்வி. இக்கேள்விக்கு ஒரு மாணவர் தோணியோரம் நின்று, தராசு கொண்டு நிறுத்து விடை தேடலாம்.

இக்கேள்வியின் பின்னணி நம்மவர் அறிந்ததே. வாவியின் கடல்வாயை மணற்றிட்டு அடைத்திருக்கும் காலத்தில் வடகீழ்ப் பருவமழை வந்து, உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீரும் சேரும்போது வாவி பெருகித் தாழ்நில வயல்களையும் குடிமனைகளையும் மூழ்கடிக்கிறது. விவசாயிகள் முகத்துவாரத்தை விரைவில் வெட்டிவிடுமாறு கோருகின்றனர். மீனவர்களுக்கோ நீர் எப்போது வெளியேறுகிறது, கடல் நீர் எப்போது உள்ளே வருகிறது, அதனோடு இறால் குஞ்சுகள் எப்போது நுழைகின்றன என்பவை முக்கியம். கடல் நீரில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மாரி வெள்ளத்தில் வாவியின் உவர்ப்பு பல இடங்களில் மிகவும் தாழ்ந்துவிடும். மீனும் இறாலும் இம்மாற்றத்தைப் பின்பற்றியே இடம்பெயர்கின்றன. ஆகவே மேற்சொன்ன கேள்வி ஒரு வகுப்பறைப் பயிற்சியாகத் தோன்றினாலும், அதன் விடை வயற்காரரும் வலைக்காரரும் கூடிப் பேசும் கூட்டங்களுக்கு உதவக்கூடியது.

கேள்வியைக் கூர்மையாக்கும்போது மற்றுமொரு பொறியையும் தவிர்த்தல் வேண்டும். ‘முன்பு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ பிடித்தோம், இப்போது நான்கு கிலோ’ என்று ஒருவர் கூறியவுடன் வாவியில் மீன் குறைந்துவிட்டது என முடிவு கட்டிவிடலாகாது. எத்தனை மணிநேரம் வலை போட்டார்? எத்தனை தோணிகள் அதே இடத்தில் தொழில் செய்தன? வலைக் கண்ணின் அளவு என்ன? போர்க்காலத்தில் கடலிலும் வாவியிலும் மீன்பிடி நேரத்துக்கும் இடத்துக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. அக்காலத்தில் பிடிபட்ட மீன் குறைவு என்பது, வாவியில் மீன் குறைவு என்பதற்குச் சான்றாகாது. தொழில் செய்ய முடிந்த நேரம் குறைவு என்பதற்கே சான்றாகலாம். எனவேதான் மீன்வள ஆய்வாளர்கள் பிடியை உழைப்பு நேரத்தால் வகுத்துப் பார்க்கின்றனர். இவ்வொரு வகுத்தலைச் செய்யாத சுவரொட்டி எத்துணை அழகாயிருந்தாலும் பார்ப்பவரைத் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

யாரிடம் கேட்டோம் என்பது

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். ஒரு மாணவர் தமது ஊர்த்துறையில் 20 மீனவரைச் சந்தித்து, அவர்களில் 15 பேர் ஒரே கருத்தைக் கூறினர் எனக் கண்டு, ‘மட்டக்களப்பு வாவி மீனவரில் 75 சதவீதத்தினர்’ என்று சுவரொட்டியில் பெரிய எழுத்தில் எழுதுகிறார். எண்ணில் பிழையில்லை. பிழை ‘வாவி மீனவர்’ என்ற சொல்லில் இருக்கிறது. அவர் சந்தித்தது ஓர் ஊரின், ஒரு சமூகத்தின், ஒரு வகை வலை பயன்படுத்தும் 20 பேரை மட்டுமே. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ உள்ள முஸ்லிம் மீனவரிடம் மட்டும் கேட்டு ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, மண்டூர் மக்களுக்காகவும் பேசினாலும் அதே பிழைதான். அதனை மறுபுறமாகச் செய்தாலும் அதே பிழைதான். நமது பிரதேசத்தில் ஒரு கரையின் குரல் இரு கரையின் குரலாகக் காட்டப்பட்டதால் ஏற்பட்ட மனத்தாங்கல்கள் போதியளவு உண்டு. ஆய்வும் அந்த வரிசையில் சேர்ந்துவிடக் கூடாது.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. இயலுமானால் இரு கரைகளிலும் இரு சமூகத்தவரிடமும் கேட்க வேண்டும். நேரமும் போக்குவரத்துச் செலவும் இடம் கொடாவிடின், சென்ற இடத்தை மட்டும் தலைப்பிலேயே குறிப்பிட வேண்டும். ‘கல்லடித் துறையில் 20 மீனவரின் கருத்து’ என்ற தலைப்பு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அது உண்மை. கேட்பவரின் மரியாதையும் இங்கு முக்கியமானது. தமிழ் முதியவரை ஐயா என்றும் முஸ்லிம் மூத்தவரைக் காக்கா என்றும் உரிமையோடு அழைத்து, வலை உலர்த்தும் நேரம் பார்த்து அமர்ந்து பேசும் மாணவருக்குக் கிடைக்கும் விடை, வினாக்கொத்தைக் கையில் திணித்து அவசரப்படுத்துபவருக்குக் கிடைப்பதில்லை.

இன்னொரு பொறுப்பும் உண்டு. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையைத் தாம் பயன்படுத்துவதாக ஒருவர் நம்பிக்கையோடு கூறியிருக்கலாம். அவரது முகமோ தோணியின் பதிவிலக்கமோ தெரியும் படத்தைச் சுவரொட்டியில் இடுவது அவரைக் காட்டிக்கொடுப்பதற்கு ஒப்பானது. பெயர், படம், இடம் ஆகிய எதனையும் அவரது சம்மதமின்றி வெளியிடலாகாது. சம்மதம் கேட்கும்போது, அது எங்கே தொங்கவிடப்படும், யார் பார்ப்பர் என்பதையும் சொல்லியே கேட்க வேண்டும்.

ஓர் பழைய பாடம்

வாவியை ஆராய்ந்தவர் எவ்வாறு எழுத வேண்டும் என்பதற்குப் பயனுள்ள ஒரு முன்மாதிரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டு. இலங்கையின் குடியேற்றச் செயலாளராகவிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1848ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தபோது, பாடும் மீன் எனப் புகழ்பெற்ற ஒலியைக் கேட்பதற்காக இரவில் வாவியில் தோணியேறிச் சென்றார். 1859ஆம் ஆண்டு வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் அதனை விபரித்துள்ளார். ஒலி எந்நேரத்தில், எவ்விடத்தில் கேட்டது, தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அது எவ்வாறு தெளிவடைந்தது என்பவற்றை அவர் பதிவு செய்தார். அதைவிடக் குறிப்பிடத்தக்கது, அங்கிருந்த மீனவர்கள் அவ்வொலி மீனிலிருந்தன்றி ஊரியிலிருந்து வருவதாகக் கூறியதையும், அவர்கள் கொண்டுவந்து காட்டிய ஊரிக்கு வழங்கிய தமிழ்ப் பெயரையும் அவர் எழுதி வைத்தமையாகும்.

அவ்வொலியின் மூலத்தை அவரால் நிறுவ முடியவில்லை. ஆயினும் தாம் கேட்டது எது, பிறர் சொன்னது எது, தாம் ஊகிப்பது எது என்று பிரித்தெழுதியமையால் அவரது குறிப்பு இன்றும் பயன்படுகிறது. ஆய்வுச் சுவரொட்டியில் ‘முடிவுகள்’ என்றும் ‘கலந்துரையாடல்’ என்றும் இரு பகுதிகளைப் பிரித்து வைப்பதன் பொருள் இதுவேயாகும். அளந்தவை முதலாவதில் வர வேண்டும். அவற்றுக்கு நாம் கொள்ளும் விளக்கம் இரண்டாவதில் வர வேண்டும்.

தாளில் அமைக்கும் முறை

இனி, தாளுக்கு வருவோம். மாநாடுகளில் பெரும்பாலும் ஏ0 அளவு வழங்குகிறது. அதன் அகல நீளம் 841, 1189 மில்லிமீற்றர். பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர். வகுப்பு ஒப்படைக்கு அதன் பாதியான ஏ1 போதுமானது. 594, 841 மில்லிமீற்றர். கணினியில் முதல் வேலையாகப் பக்க அளவை இவ்வாறு அமைத்துக்கொள்ளல் வேண்டும். சிறிய பக்கத்தில் அமைத்துவிட்டு அச்சகத்தில் பெருப்பிக்கும்போது படங்கள் மங்கிச் சிதைவதைப் பலர் அனுபவத்தில் கண்டிருப்பர்.

தலைப்பு நான்கைந்து மீற்றர் தூரத்திலிருந்தும், உடல் எழுத்து ஒன்றரை மீற்றர் தூரத்திலிருந்தும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். உடல் எழுத்து 24 புள்ளிக்குக் குறையாதிருத்தல் நன்று. சொற்கள் ஐந்நூறு அளவில் நின்றால் போதும். தமிழ்ச் சொற்கள் நீண்டவையாதலால் இன்னும் குறைவாக இருப்பினும் குறையில்லை. இடப்புறம் கேள்வியும் முறையும், நடுவில் வரைபும் படமும், வலப்புறம் விளக்கமும் முடிவும் என மூன்று நிரல்களாக அமைப்பது கண்ணுக்கு இலகுவானது. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் உளவியல் ஆய்வு மாணவராகவிருந்த மைக் மொறிசன் என்பவர், ஆய்வின் தலையாய முடிவை ஒரே எளிய வாக்கியமாக நடுவில் மிகப் பெரிய எழுத்தில் இடுமாறு ஒரு காணொளியில் பரிந்துரைத்தார். அது உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. ஒரு வாக்கியம் நுணுக்கங்களை மறைத்துவிடும் என்போரும் உளர். எவ்வாறாயினும், தமது ஆய்வின் முடிவை ஒரு வாக்கியத்தில் சொல்ல இயலாத மாணவர் அதனை இன்னும் தாமே விளங்கிக்கொள்ளவில்லை என்பதை அறிய இப்பயிற்சி நல்ல சோதனை.

வரைபுகளில் அச்சுகளின் பெயரும் அலகும் தவறாது இடம்பெற வேண்டும். வரைபடத்தில் வடதிசைக் குறியும் அளவுத்திட்டமும் வேண்டும். சிவப்பையும் பச்சையையும் மட்டும் கொண்டு வேறுபாட்டைக் காட்டலாகாது. இவ்விரு நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக உள்ளனர். மிகச் சிறிய மாதிரிக்குச் சதவீதத்தைவிட ‘20 பேரில் 15 பேர்’ என எழுதுவதே நேர்மையானது.

தமிழில் சுவரொட்டி செய்வோருக்கு மேலும் ஓர் இடர் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். ஒருங்குறியில் தட்டச்சு செய்தாலும் சில வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன. கோப்பை எழுத்துருவோடு சேர்த்துப் பிடிஎஃப் வடிவில் மாற்றி, ஏ4 தாளில் ஒருமுறை அச்சிட்டு, எழுத்தெழுத்தாகப் பார்த்த பின்னரே பெரிய தாளில் அச்சிடக் கொடுக்க வேண்டும். அந்தச் சிறு தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க முடிந்தால் பெரிய தாளையும் தூரத்திலிருந்து படிக்கலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கணப்பொழுதில் வரைந்து தரும் மீன் படங்களைப் பயன்படுத்துவதிலும் அவதானம் தேவை. கொடுவாயின் செட்டை எங்கே இருக்கும் என்பதை வாவிக்கரைச் சிறுவனே அறிவான். படத்தில் அது பிழையானால் ஆய்வின் மற்றப் பகுதிகளையும் யாரும் நம்பமாட்டார்.

அருகில் நின்று பேசுதல்

சுவரொட்டியின் பாதி வேலை தாளில் முடிகிறது. மறுபாதி நாவில் இருக்கிறது. தாளை மறைக்காது ஒரு பக்கமாக நின்று, வருபவர் தலைப்பைப் படித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, பின்னர் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கப் பழக வேண்டும். தாளில் உள்ளதை வரிக்கு வரி வாசித்தல் கேட்பவரைச் சலிப்படையச் செய்யும். கேள்வி, முறை, ஒரு வரைபு, ஒரு முடிவு, ஒரு குறை என்ற ஒழுங்கில் பேசினால் நினைவில் நிற்கும். குழுவாகச் செய்த ஒப்படையாயின் எல்லோரும் எல்லாப் பகுதியையும் அறிந்திருத்தல் வேண்டும். ‘அந்தப் பகுதியை மற்றவர் செய்தார்’ என்ற விடை புள்ளியையும் குறைக்கும், நம்பிக்கையையும் குறைக்கும்.

விடை தெரியாத கேள்வி வருவது இயல்பு. ‘அதனை நாங்கள் அளக்கவில்லை’ என்று கூறுவது இழுக்கன்று. அளக்காததை அளந்ததாகக் கூறுவதே இழுக்கு. வேண்டிய மாதிரி கிடைக்காதபோது வினாக்கொத்துகளைத் தாமே நிரப்பிவிடும் தூண்டுதல் எந்த மாணவருக்கும் வரலாம். அவ்வாறு நிரப்பப்பட்ட தாள் நாளை ஒரு திட்ட அறிக்கையில் மேற்கோளாகச் சேர்ந்து, முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற முடிவுக்கே ஆதாரமாகக் கொள்ளப்படலாம். அப்போது வயல் மூழ்குவதும் வலை வெறுமையாவதும் அம்மாணவரின் வீட்டிலாக இருக்க வேண்டியதில்லை.

பேசிப் பழகுவதற்குச் சிறந்த இடம் துறையடியே. விரிவுரையாளர் முன் நிற்பதற்கு முதல் நாள், ஆய்வுக்கு உதவிய மீனவர் ஒருவரிடம் அந்த ஏ4 தாளைக் காட்டி விளக்கிப் பார்க்கட்டும். ‘தம்பி, கூதல் நாளையும் வெயில் நாளையும் ஒன்றாகவா கணக்குப் பார்த்தீர்கள்?’ என்று அவர் கேட்கக்கூடும். எந்தப் பரீட்சகரும் கேட்காத அக்கேள்வி ஆய்வையே திருத்திவிடும்.

கரைக்குத் திரும்ப வேண்டிய தாள்

புள்ளியிட்ட பின் இத்தாள்களுக்கு என்ன நேர்கிறது? பல சுருட்டப்பட்டு அலுமாரியின் மேல் வைக்கப்படுகின்றன. விஞ்ஞானம் சார்ந்த பாடநெறிகள் ஆங்கிலத்தில் நடைபெறுவதால் அவை ஆங்கிலத்திலேயே அமைந்தும் விடுகின்றன. உலகத்தோடு பேச ஆங்கிலம் வேண்டியதே, அதில் மறுப்பில்லை. ஆயினும் காலை நேரத்தைச் செலவிட்டு விடை கூறிய மனிதருக்கு அந்த விடைகள் என்னவாயின என்பதை அறியும் உரிமை உண்டு. ஆங்கிலச் சுவரொட்டியோடு தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தையும் மாணவர் ஆக்க வேண்டும் என விரிவுரையாளர்கள் விதித்தால், கூடுதல் செலவு ஓரிரு தாள் அச்சுக்கே. அதனை மீனவர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலும் பொது நூலகத்திலும் கோயில் முன்றலிலும் பள்ளிவாசல் அறிவித்தற் பலகையிலும் அனுமதி பெற்று ஒட்டலாம். வந்தாறுமூலை மாணவரின் தாள் காத்தான்குடியிலும், ஒலுவில் மாணவரின் தாள் கொக்கட்டிச்சோலையிலும் தொங்குமாயின் அதன் பயன் இரட்டிப்பாகும்.

1978ஆம் ஆண்டின் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் இடையறாத போரையும் கண்ட இவ்வாவிக்கரையில் ஆவணங்கள் பல அழிந்துபோயின. முதியோரின் நினைவே பல விடயங்களுக்கு எஞ்சியுள்ள பதிவு. அந்நினைவை அளந்து, சரிபார்த்து, இரு சமூகத்துக்கும் பொதுவான எழுத்தாக்கும் பணியை ஓர் இளநிலை மாணவர்கூட ஒரு தாளில் தொடங்கிவிடலாம். இவ்வருட மாரியிலும் முகத்துவாரம் பற்றிய பேச்சு எழும். அக்கூட்டத்தில் அமர்ந்திருக்கும் விவசாயியும் மீனவரும் அதிகாரியும் பார்த்துப் பேசத்தக்க நேர்மையான ஒரு வரைபு சுவரில் இருக்குமாயின், அதனைத் தயாரித்த மாணவர் பெற்ற புள்ளியைவிட அது பெரிய பெறுபேறாகும். அதற்கான ஊக்கத்தைப் பிள்ளைகளுக்கு அளிப்பது பெற்றோர், ஆசிரியர், ஊர்ப் பெரியோர் அனைவரதும் கடமையாகும்.